சாம்பல் மூடி

சாம்பல் நிற மூடி போட்ட குழாயை
ஐஸில் புதைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.
வார்டு பையன்கள் மறந்துவிடுவார்கள்.
சட்டைப்பையில் செருகிக்கொண்டு
டீ குடித்துவிட்டு வருவார்கள்.
நான் கத்துவேன்.

ஆளை விட்டு வந்துவிட்டோம் என்று
ரத்தத்துக்குத் தெரியாது.
குழாய்க்குள்ளும் சர்க்கரையை உடைத்துக்கொண்டேயிருக்கும்,
காற்றைக் கேட்காமல்,
ஒரு சர்க்கரைக்கு இரண்டே காசு கூலிக்கு,
லாக்டிக் அமிலத்தை ஓரமாகத் துப்பியபடி.
அரை மணி வெளியில் கிடந்தால் போதும்,
நோயாளி படாத பாட்டையெல்லாம்
ரிசல்ட் சொல்லும்.

சிவப்பணுவின் பிழைப்பே அப்படி.
உடம்பு முழுக்கப் பிராணவாயுவைச் சுமந்து ஓடும்,
தனக்கென்று ஒரு துளி எடுக்காது.
எடுத்தாலும் எரிக்க அடுப்பில்லை;
மைட்டோகாண்ட்ரியாவை மஜ்ஜையிலேயே
கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பிய வண்டி அது.
செவ்வாய்ப்பேட்டையில் அரிசி மூட்டை இறக்கிவிட்டு
வெறும் வயிற்றோடு திரும்பும் லாரி.

வியாழன் இரவு பதினொன்றரை.
அர்த்தனாரி, ஆண், 34.
ஜவ்வரிசி ஆலை. அடைத்துக்கொண்ட மோட்டாரைத் தூக்கக்
கழிவுக் குழிக்குள் இறங்கினாராம்.
கிழங்குப் பால் தேங்கிப் புளித்த குழி.
கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்கள்
அங்கிருந்த காற்றை முன்பே தின்று தீர்த்துவிட்டு
காற்றில்லாமல் வாழப் பழகி
ஏப்பம் விட்டு நிரப்பி வைத்திருந்தன.
நாலாவது படிவரை பேசிக்கொண்டே போனாராம்.

மெஷின் 11.2 என்றது.
மறுபடி போட்டேன்.
11.2.
ஐஸ் சரியாக இருந்தது. கத்துவதற்கு ஆளில்லை.

நெஞ்சு ஏறி இறங்குவதை மூச்சு என்கிறோம்.
அசல் மூச்சு அதற்கும் உள்ளே,
செல்லுக்குள், சுவர் மடிப்புகளில்:
கைக்குக் கை மாறி வரும் எலக்ட்ரானை
வரிசையின் கடைசியில் நின்று
வாங்கிக்கொள்கிறது பிராணவாயு. வாங்கித் தண்ணீராகிறது.
வேறொரு வேலையும் அதற்கு இல்லை.
அந்தக் கடைசி ஆள் வராவிட்டால்
வரிசை முழுக்கக் கை நிறையச் சரக்கோடு
நகராமல் நிற்கும்.
முப்பது காசு புழங்கிய வீட்டில் இரண்டு காசு.
அன்றிரவு அர்த்தனாரியின் செல்கள்
அதில்தான் குடித்தனம் நடத்தின.

மூன்று மணிக்கு 8.6.
ஐந்தேகாலுக்கு 5.1.
ஷிப்ட் முடிந்தது. கை கழுவினேன்.

ஞாயிறு, அடிவாரத்தில் சைக்கிளை இறக்கினேன்.
இருபது கொண்டை ஊசி.
ஆறுவரை பாட்டு முணுமுணுத்தேன்.
பதிமூன்றில் தொடை தீப்பிடித்தது.
இந்த எரிச்சலுக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று
பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்;
இப்போது அப்படிச் சொல்வதில்லை.
குப்பை என்று துப்பியதை
இதயம் எடுத்து எரிக்கிறதாம்,
ஈரல் எடுத்துத் திரும்பச் சர்க்கரையாக்குகிறதாம்.
குரங்கொன்று மதில்மேல் உட்கார்ந்து
என் இரைப்பை வேடிக்கை பார்த்தது.
இறங்கி நின்ற பின்னும் மூச்சு வாங்கியது.
நம் பேச்சில் சரியாகத்தான் இருக்கிறது அந்தச் சொல்:
வாங்குவது. ஏற்றத்தில் வைத்த பாக்கிக்கு
நிழலில் நின்று வட்டியோடு வாங்குவது.

மேலே காப்பித் தோட்டத்தில்
தோல் உரித்த கொட்டைகள் தொட்டியில் புளித்துக்கொண்டிருந்தன.
அதே வாய்கள்தான்; இங்கே கூலிக்கு வைத்திருக்கிறார்கள்.
ராமாயி முழங்கைவரை விட்டு
ஒரு பிடி அள்ளி உரசினார்.
"வழுக்குது இன்னும். சாயங்காலம் அலசலாம்."
தொட்டியின் வாடை
குழியின் வாடையாக இல்லை. ஆனாலும்
ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

போன் அடித்தது. லேபிலிருந்து பர்வீன்.
"அக்கா, உங்க அர்த்தனாரி 1.9.
ஆனா ஐஸே வைக்கல இவனுங்க,
பையில போட்டுக்கிட்டே வந்திருக்கானுங்க."

ஐஸ் இல்லாமலே 1.9 என்றால்
அசலில் அதற்கும் கீழே.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.