அளவுப் புத்தகம்

மலையைச் சுற்றி இருபத்தொரு கிலோமீட்டர்.
அதில் எனக்கு ஒப்படைத்தது ஒன்றரை.
பூஞ்ச்ரிக்குச் சற்று முன்னால் மாநிலம் மாறுகிறது.
பலகை விழுந்து நாலு மழையாயிற்று,
ஆனாலும் வெறுங்காலில் வருகிறவர்களுக்கு
எது உத்தரப் பிரதேசத்துத் தார், எது ராஜஸ்தான் தார் என்று
உள்ளங்கால் சொல்லிவிடும்.

மலை என்கிறார்கள்.
என் மட்டக்கருவியில் நூறடிக்கு மேல் ஏறவில்லை.
தினம் ஒரு கடுகளவு பூமிக்குள் இறங்குகிறதாம்,
பேடாக்கடை ஹுகம்சந்த் சொன்னார்.
எங்கள் துறை போட்ட சாலைகளும் அப்படித்தான் என்றேன்.
சிரிக்கவில்லை.
ஒரு பேடாவுக்குக் கூடுதலாகக் காசு எடுத்துக்கொண்டார்.

சின்னக் கோயில்.
உள்ளே செந்தூரம் அப்பிய லௌட்டா.
வந்துவிடுகிறேன் என்று மதுராவுக்குப் போன தோழன்
வரும்வரை சோறு தொடமாட்டேன் என்று உட்கார்ந்தவன்.
சுற்றுகிறவர்களுக்கு வருகைப் பதிவு அவனிடம்தான்.
இங்கே தலைகாட்டாத சுற்று
கணக்கில் சேராது.
நான் நாளைக்கு நாற்பது தடவை அவனைக் கடக்கிறேன்,
ஸ்கூட்டரில், ஹாரன் அடித்துக்கொண்டு.

அன்று மே மாதம், பதினொரு மணி.
தீகிலிருந்து கலவை லாரி வந்து நின்றது,
நூற்றைம்பது டிகிரி.
பரப்பிக்கொண்டே வந்து
ஒரு பெண்ணின் பாதத்துக்கு நாலு முழம் முன்னால்
ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டார்கள்.

சாலையில் குப்புறக் கிடந்தாள்.
தலைமாட்டில் கூழாங்கற்கள்.
எழுந்து, கும்பிட்டு, மறுபடி விழுந்து
ஒரு கல்லை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்கு.
நூற்றெட்டும் மாறினால்
ஓர் உடல் நீளம் முன்னே போகலாம்.
காஸ்கஞ்ச் பக்கத்துக்காரி, பெயர் சியோராஜி,
இது மூன்றாவது வருஷம் என்று
டீக்கடையில் யாரோ சொன்னார்கள்.

அம்மா, கொஞ்சம் ஓரமாக, என்றேன்.
அறுபது, என்றாள்.
சர்க்கார் வேலை, என்றேன்.
அறுபத்தொன்று.

உருளை வண்டியை பச்சூ அணைத்துவிட்டான்.
அந்தச் சத்தம் நின்றதும்
அவள் நெற்றி மண்ணைத் தொடுவது கேட்டது.
நான் வெப்பமானியைத் தாரில் செருகினேன்.
நூற்றிருபது.
அவள் எழுபத்து மூன்று.
நூற்றுப் பத்து.
அவள் எண்பத்தெட்டு.
அவள் ஏற, தார் இறங்க,
எங்கேயோ தொண்ணூற்றுச் சொச்சத்தில்
இரண்டும் ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும்.
பார்க்கத் தவறிவிட்டேன்.
பச்சூவோடு சேர்ந்து நானும்
வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நூற்றெட்டாவது கல்லைக்
கை எட்டிய மட்டும் முன்னே வைத்தாள்.
எழுந்தாள்.
முதல் தடவையாக எங்களைப் பார்த்தாள்,
இருந்தும் எங்களை அல்ல, லாரிச் சக்கரத்தை,
அது தன் அடுத்த இடத்தில் நிற்கிறதா என்று.
டிரைவர் தானாகவே பின்னால் எடுத்தான்.

அவள் விட்டுப்போன இடத்தில் டேப்பைப் பிடித்தேன்.
நெற்றி பதிந்த குழியிலிருந்து நீட்டிய கைவரை தனி,
பாதம்வரை தனி,
மொத்தம் ஆறடி நாலங்குலம்.
மண் ஈரமாக இருந்தது, வியர்வை.
அதன்மேல் தாரைக் கொட்டச் சொல்ல
வாய் வரவில்லை,
ஆறிப்போன தாரும்
இனி எதற்கும் ஆகாது.

இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்
அளவுப் புத்தகத்தை நிரப்பினேன்.
நீளம். அகலம். கனம்.
போடாமல் விட்டது: ஆறடி நாலங்குலம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
மேலதிகாரி ஜெய்ப்பூர்க்காரர், கேள்வி கேட்பார்.
மழை என்று எழுதினால் மே மாதம்.
பழுது என்று எழுதினால் பச்சூவுக்கு அபராதம்.
வெளியே, இருட்டில்,
கல்மேல் கல் விழும் சத்தம்.

போக்குவரத்து, என்று எழுதினேன்.