முப்பத்தொன்பதுக்குப் பதின்மூன்று

"ஜாலான் மானா?" என்றார் லோக் வெங் சியூ.
எந்தச் சாலை?
நான் விலையைக் கேட்க நின்றிருந்தேன்.

சான் சோவ் லின். பகல் மூன்று மணி.
தகரக் கூரைமேல் மழை இன்னும் முடிவெடுக்கவில்லை.
பெர்த்திலிருந்து கப்பலேறி வந்த என் சார்ஜர்
பின்னங்கால் கழற்றிய காளையாய்க்
கட்டைகள் மேல்.
எழுபத்திரண்டில் பிறந்தது. என்னைவிட இரண்டு வயது மூப்பு.

மேசையில் மூன்று ஜோடிப் பல்சக்கரங்கள்,
நாசி லெமாக் பொட்டலம்போல் எண்ணெய்த்தாளில்.
"நாலு புள்ளி பதினொன்னு எடுங்கக்கா" என்றான்
டயர் மாற்ற வந்த பையன், யாரும் கேட்காமலே.
"பச்சை விழுந்ததும் பாயும்."

பாயும், தெரியும்.
பாய்ந்த பிறகு?
காராக் சாலையில் நூற்றுப்பத்தில்
இன்ஜின் கத்திக்கொண்டே வரும்,
கல்யாண மண்டபத்தில்
பந்தி முடிந்த பிறகும்
குரல் இறக்காத மாமனைப் போல.

எந்தச் சாலை என்றால் என்ன சொல்ல.
பத்தொன்பது வருடம் பள்ளி வேன் ஓட்டினேன்.
செந்தூல் பாசாரிலிருந்து ஈப்போ சாலை வரை
ஒன்றாம் கியர், இரண்டாம் கியர், பிரேக்.
ஒன்று, இரண்டு,
யாருடா இந்தத் தண்ணிப் போத்தலை விட்டது, பிரேக்.
இடது கால் இன்னமும் தூக்கத்தில் கிளட்ச் மிதிக்கிறது.

"இந்தக் கேள்விக்கு எல்லாரும் பொய் சொல்வாங்க" என்றார் லோக்.
மாதத்தில் ஒருநாள் போகும் சாலையைச் சொல்வார்களாம்.
மீதி நாளெல்லாம் ஜாமில் நின்று
அவரைத் திட்டுவார்களாம்.

ஜாமில் நிற்க ஒரு வேன் இருந்தது.
விற்றுவிட்டேன்.
இது அந்த ஒருநாளுக்கு.

"அப்படின்னா மூணு" என்றார். தாளைப் பிரித்தார்.
பெரியதில் முப்பத்தொன்பது பல்,
சிறியதில் பதின்மூன்று.
மீதியில்லாமல் வகுபடும். குறையும் அதுதான்.
பையன் சொன்ன ஜோடியில்
ஒவ்வொரு பல்லும்
எதிரே இருக்கும் அத்தனை பற்களையும் பார்த்துவிட்டுத்தான்
முதல் பல்லிடம் திரும்புமாம்.
இதில் ஒரு பல்லுக்கு மூன்றே பல்.
ஆயுசுக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தண்டவாளத்தை ஒட்டிய அடுக்குமாடிக் கீழே
தினமும் காலை ஆறேகாலுக்கு
மூன்று பிள்ளைகள் நிற்பார்கள்.
ஒருத்தனுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது.

இருக்கட்டும்.
அதே முகங்களைப் பார்த்ததில் எனக்கு வருத்தமில்லை.
நின்று நின்று போனதில்தான்.

அடுத்து, டிஃபரென்ஷியல்.
சாதாரண வகை என்றால்
எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ
இன்ஜின் பலமெல்லாம் அங்கேயே சுழன்று தீரும்;
தரையைப் பிடித்த சக்கரம்
சும்மா நிற்கும், என்று விளக்க ஆரம்பித்தார்.

எனக்கா விளக்குவது.
தம்பி கதிரேசன் வழுக்கினான்.
சிங்கப்பூர் வேலை, கைத்தொலைபேசிக் கடை,
பிறகு பெயர் சொல்லாத கடன்காரர்கள்.
வேன் உழைத்ததெல்லாம் அவன் பக்கமே சுழன்றது.

"லிமிடெட் ஸ்லிப்" என்றேன்
அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்.
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி கூடுதல்.
எண்ணி வைத்தேன்.

பற்களில் மஞ்சள் பசை தடவிக்
கையாலேயே சுற்றினார்.
பல் பதிந்த இடத்தை விளக்கடியில் பார்த்தார்.
ரொம்ப நெருங்கினால் முனகும்,
ரொம்ப விலகினால் இடிக்கும்;
நடுவில் ஒரு மயிரிழை.
அந்த மயிரிழைக்கு
அவருக்கு இரண்டு நாள் ஆனது.

ஞாயிறு, விடியுமுன்.
கோம்பாக் டோல் தாண்டி
நாலாம் கியர் போட்டேன்.
கெந்திங் செம்பா ஏற்றத்தில்
ஒரு மைவி முந்திப் போனது.
போகட்டும்.

பெந்தோங் வரைக்கும்
என் இடது கால்
என்ன செய்வதென்று தெரியாமல்
விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.