வாய் பார்த்தவர்கள்

அட்டன் வரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி.
மதராஸ் பயாஸ்கோப் பொகவந்தலாவைக்கு மேலே ஏறி
எங்கள் பிரட்டுக் களத்தில் இறங்கியது.
எட்டு வேட்டி சேர்த்துத் தைத்த திரை;
ஒன்றில் வெற்றிலைக் கறை,
ராசா இடப்பக்கம் வரும்போதெல்லாம்
கன்னத்தில் விழுந்தது.

எனக்கு ரீலுக்கு மூன்று சதம்.
எழுத்து வந்தால்
மண்ணெண்ணெய்ப் புனலில் வாய் வைத்துக் கத்த வேண்டும்.
கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை நான்,
எழுத்துக்கூட்டத் தெரிந்தவன். அவ்வளவுதான் தகுதி.

நாடகக் கம்பெனி விடிய விடியப் பாடின கதையாம்.
பாட்டை உருவிவிட்டு, வசனத்தை உருவிவிட்டு
முக்கால் மணி நேரமாக நறுக்கியிருந்தார்கள்.
பட்டப்பகலில் எடுத்த அந்தப்புரம்.
அரண்மனைத் தூண் காற்றில் மடிந்து மடிந்து நிமிர்ந்தது.
மீசை மழித்த ராணி
சிறைக்கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.
"நாதா, இந்தப் பாவி என் செய்வேன்!"
நான் புனலுக்குள் அழுதேன்.
களம் முழுக்க மூக்குறிஞ்சல்.

அப்போதுதான் சல்லடை அறைப் பெண்கள் சிரித்தார்கள்.
ஒரே வரிசை, பதினோரு பேர்,
முந்தானையை வாயில் திணித்தும் அடங்காமல்.
பெரிய கங்காணி எழுந்து திரும்பினார்:
"என்னடி இளிப்பு?"
செங்காயி சொன்னாள்:
"அது அழுவலீங்க.
'யோவ், வெயில்ல மண்ட காயுது,
சீக்கிரம் சுத்தித் தொல'ங்குது."

ஸ்டோரில் அந்த இரைச்சலுக்கு நடுவே
காது ஒன்றுக்கும் ஆகாது.
உப்பிருக்கா, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா,
யார் யாரோடு ஓடினது
எல்லாம் உதட்டில்தான்.

அதற்குப் பிறகு புனலைக் கேட்பாரில்லை.
'தர்மமே வெல்லும்' என்றது எழுத்து.
"ராசா வெத்தல பாக்குக் கேக்குறாரு" என்றாள் செங்காயி.
சபை நடுவே கைகட்டி நின்ற மந்திரி
ரெண்டு மாசச் சம்பள பாக்கியைப் பற்றிப் பேசினார்;
அதற்கு மட்டும் களம் கைதட்டியது.

கடைசி ரீல். வெறும் மணல். ராணி தனியே.
உதடு நாலு தரமோ ஐந்து தரமோ அசைந்தது.
எழுத்து வரவில்லை, பிலிம் அங்கே ஒட்டுப் போட்டது.
எல்லாத் தலையும் அந்த வரிசைப் பக்கம் திரும்பின.
பதினோரு பேரும் திரையையே பார்த்திருந்தார்கள்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் சிட்டையைச் சாக்காக வைத்து
ஸ்டோருக்குள் போய் நின்றேன்.
"என்னதான் சொல்லுச்சு?"
தூள் படிந்த இமையோடு நிமிர்ந்து,
கை சல்லடையை விடாமல்,
செங்காயி சொன்னாள்.
நிதானமாக, எனக்காக இரண்டு தரம்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.