மூன்றாவது ஆள்

ஞாயிறு, ஸ்ரூடியோ பூட்டு.
பின்கதவால் ஒவ்வொருவராக வந்தார்கள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
ஓசைக்குப் பயந்தல்ல,
வாவிக்கரைச் சேறு.

கச்சேரிக்கு மூன்று முறை மனு எழுதியாயிற்று.
மூன்று முறையும் பதில் வந்தது
"ஊமையர் நலன் தொடர்பாக" என்று தலைப்பிட்டு.
சிவப்புப் பேனையால் ஹில்டா
அந்தச் சொல்லை வெட்டி வெட்டிக்
கடதாசி கிழிந்துபோயிற்று.
எழுதினால் எழுத்தாலேயே அடிக்கிறார்கள்,
படமாகச் சொல்வோம் என்றாள்.

என்றாள் என்றால், கையால்.
இருட்டறையின் சிவப்பு விளக்கில்,
காயப்போட்ட படங்களுக்கு நடுவே.
ஃபிலிம் கழுவும்போது அந்த விளக்கும் கூடாது.
அப்போது உள்ளங்கையில் எழுதிக்கொள்வோம்:
இன்னும் நாலு நிமிடம்.
பசிக்குது.

ஐந்து பேர், ஆளுக்கொரு சொல்.
சோமகாந்தி: நாங்கள்.
ஹில்டா: ஊமை. கேட்டு வாங்கினாள்,
பொத்திய வாய்க்கு மேலே
கண்ணால் முறைக்க வேண்டுமாம்.
கிருபைராசா: இல்லை.
காத்தான்குடி ஓடாவி உதுமாலெவ்வை: வேலை.
கடைசியில் ஞானசௌந்தரி: தா.
வரிசையாக நின்றால் ஒரு வசனம்.

நாலு மணி. கிருபைராசாவைக் காணோம்.
நாலரை.
வாவிப்பக்கம் வெயில் சாய்ந்து
ஹில்டாவின் பாதி முகத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.
சுருளில் மிச்சம் இரண்டு படம்.
அவனில்லாமல் எடுத்தால் என்ன என்றார் உதுமாலெவ்வை.
கெமராவுக்குள் வாசித்துப் பார்த்தேன்:
நாங்கள் ஊமை வேலை தா.
கச்சேரி எதிர்பார்ப்பது இதைத்தான்.
சட்டம் போட்டு மாட்டினாலும் மாட்டும்.

நெருங்கி நிற்கச் சொல்லவில்லை.
இடம் விட்டு நில்லுங்கள் என்றேன்,
அவன் தோள் அகலம் தெரியும்தானே.
விட்டார்கள். அமத்தினேன்.

ஐந்தேகாலுக்கு வந்தான்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு, முழங்கால் உரிந்து.
கல்லடிப் பாலத்தில் பின்னாலிருந்து யாரோ கத்தியிருக்கிறார்கள்.
எந்த மொழியில் என்று அவனுக்கெப்படித் தெரியும்.
துவக்கின் நிழல் முன்னால் விழுந்த பிறகுதான்
பிரேக் பிடித்தானாம்.
ஒரு மணித்தியாலம் முழந்தாளில்,
கைகள் பிடரியில்.
எங்களுக்கு அது வாயைக் கட்டுவது.
அவர்களுக்கு அது வழமை.

தண்ணீர்கூடக் குடிக்காமல்
மூன்றாவது இடத்தில் நின்று கையைத் தூக்கினான்.
வெளிச்சம் போதாது,
செக்கனில் எட்டிலொரு பங்கு திறந்து வைத்தேன்.
நாலு சொல்லும் கல்லாக நின்றன.
அவனுடையது கலங்கிப்போயிற்று.
ஆட்டினால்தான் அந்தச் சொல். அல்லது
பாலத்திலிருந்து கொண்டுவந்த நடுக்கம்.
நான் கேட்கவில்லை.

கோட்டைக்குள், கச்சேரியில்,
லிகிதர் படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.
இரண்டு கிழமையில் பதில்:
"நடுவில் நிற்பவரின் கை தெளிவில்லை.
வேறு படம் சமர்ப்பிக்கவும்."
தலைப்பில் மட்டும் அந்தச் சொல்லைக் காணோம்,
"மேற்படி நபர்கள்" என்றிருந்தது.
உதுமாலெவ்வை அதை வெற்றி என்றார்.
ஹில்டா பேனையைத் தேடினாள்.

மற்றப் படத்தை, இடம் விட்டு எடுத்ததை,
முன்னறையில் மாட்டியிருக்கிறேன்.
அடையாள அட்டைக்குப் படமெடுக்க வருபவர்கள்
தலைசீவிக்கொண்டே பார்க்கிறார்கள்.
வெற்றிடத்தில் விரலை வைத்து
என் பக்கம் திரும்பி வாயசைக்கிறார்கள்:
இதில ஒரு ஆள் குறையுதே, எங்க அவர்?

கையை உயர்த்தி ஆட்டுகிறேன்.
விளங்கியதுபோல் தலையசைத்துவிட்டு
ஸ்டூலில் போய் அமர்கிறார்கள்.