ஏழு கார்களும் ஒரு மண்மேடும்

முதலில் துண்டறிக்கை அடித்தேன்.
நாற்பத்தெட்டுக் கதவுக்கும் ஒவ்வொன்று, மூன்று மொழியில்.
தகாலோகில் ஓர் எழுத்துப் பிழையாம்,
பிறகு சொன்னார்கள்.
சனிக்கிழமை பதினொரு மணி, கட்டடத்தின் பின்புறம்,
தேநீர் உண்டு என்று போட்டிருந்தேன்.
தேநீர் இருந்தது.
நானும் இருந்தேன்.
ஒரு காட்டுவாத்து வந்தது,
கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு
அதுவும் போய்விட்டது.

வின்னிபெக்கில் மே மாதம் அப்படித்தான்:
பனி போன இடமெல்லாம்
சப்பாத்தைப் பிடித்தால் விடாத களி.
குப்பைத்தொட்டி நின்ற இடத்தை
நகரசபை எங்களுக்குத் தந்திருந்தது.
எட்டுப் பலகைப் பெட்டிகள், எட்டும் வெறுமை.
நான் செயலாளர்.
தலைவர் இல்லை, பொருளாளர் இல்லை,
பொருளும் இல்லை.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு
மண் லொறி வந்தது.
பின்வழி ஒடுக்கம் என்று சாரதி தானே முடிவெடுத்து
கார்த் தரிப்பிடத்தின் வாயிலேயே
பன்னிரண்டு கன யார் மண்ணைக் கொட்டி
என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனான்.
மண்ணுக்குப் பின்னால் ஏழு கார்கள்.

ஆறரைக்கு முதல் ஹோர்ன்.
பஸ் டிப்போவுக்குப் போகவேண்டிய ரொமெல்,
இரவுத் தாதியை விடுவிக்கவேண்டிய யெவ்ஹேனியா,
பின்சீற்றில் இரண்டு பிள்ளைகளைக் கட்டிவைத்த தெஸ்ஃபாலெம்,
மூன்றாம் மாடி கோர்டன்.
"யாருடைய மண் இது?" என்றார் கோர்டன்.
பதினொரு வருடத்தில்
அவர் என்னோடு கதைத்த முதல் வசனம்.

துண்டறிக்கையில் 'நம் மண்' என்று
தடித்த எழுத்தில் போட்டவள் நான்.
வாயில் வந்ததோ
"என்னுடையது. மன்னியுங்கோ."

மன்னிக்க ஒருவருக்கும் நேரமில்லை.
ரொமெல் உள்ளே ஓடி
பனி அள்ளும் சவளோடு வந்தான்.
மண்வெட்டி இல்லாத வீடு இங்கே நிறைய,
பனிச்சவள் இல்லாத வீடு கிடையாது.
ஐந்து மாதம் அள்ளிப் பழகிய முதுகுகள்,
எப்படிக் குனிவதென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.
"எங்கே போடுறது?" என்றான் தெஸ்ஃபாலெம்.
அதுவரை எவரும் பார்த்திராத எட்டுப் பெட்டிகளை
கை நீட்டிக் காட்டினேன்.

காரே இல்லாத டார்லீன்
இரவு உடையோடு இறங்கி வந்தாள்,
உடுப்புக் கூடையில் மண் சுமக்க.
தெஸ்ஃபாலெமின் சின்னவள்
சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு
அதால் அள்ளினாள்.
கோர்டன் கைகட்டி நின்றார்,
பிறகு பேருந்தில் போனார்.

ஏழே முக்காலுக்கு ஒரு கார் போகும் அளவு வழி.
ரொமெல் கண்ணாடியை இறக்கி
"அந்த மூலைப் பெட்டி எனக்கு, பாகற்காய்க்கு" என்று
அதட்டிவிட்டுப் போனான்.
கூப்பிட்டபோது வராத சனம்
குறுக்கே கொட்டினால் வருகிறது!

கோடை முழுக்கச் சண்டைதான்.
குழாயை யார் மூடவில்லை,
இரண்டு பூசணிப் பிஞ்சு எங்கே போனது,
கூட்டெரு நாறுகிறதென்று
முகாமையாளருக்குப் போன பெயரில்லாக் கடிதம்.
டார்லீனும் யெவ்ஹேனியாவும்
ஆகஸ்ட் முழுதும் முகம் பார்க்கவில்லை.

செப்டம்பர் பதினாறு,
இரவு உறைபனி என்று வானொலி சொன்னது.
நான் எவரையும் கூப்பிடவில்லை.
பத்து மணிக்கு ஒவ்வொருவராக இறங்கினார்கள்,
கக்கத்தில் கட்டில் விரிப்போடு.
பக்கத்துக் கதவில் எத்தனை வருடம் இருந்தாலும்
பார்க்கக் கிடைக்காத சாமான் அது.
யெவ்ஹேனியாவினதில் ஓரமெல்லாம் சிவப்புத் தையல்,
பிள்ளைகளினதில் டைனோசர்,
டார்லீனினதில் சிகரெட் சுட்ட துளை,
என்னுடையதில் எந்தத் தூளுக்கும் போகாத மஞ்சள் கறை.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
தக்காளிக்கும் பாகற்காய்க்கும் போர்த்திவிட்டுப்
படுக்கப் போனோம்.

காலையில் எண்ணினேன்.
எட்டுப் பெட்டிக்கு ஒன்பது விரிப்பு.
வேலியோரம் தானாய் முளைத்த,
யார் பெயரிலும் இல்லாத அவரைக்கொடி மேல் ஒன்று.
வெள்ளை. ஒற்றைக் கட்டில் அளவு.
இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை.

கழுவி, சலவை அறைக் கொடியில் போட்டிருக்கிறேன்.
பச்சைத் தக்காளியை என்ன செய்வதென்று கேட்டு
எல்லாரும் என் கதவைத் தட்டுகிறார்கள்.
விரிப்பைக் கேட்டு
இன்னும் ஒருவரும் வரவில்லை.