வாளிச் சத்தம்

சுங்கை தெமியாங்கில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது.
செம்பனை முடிகிற இடத்தில் காடு.
இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்
மான் பண்ணை இருந்தது.
பெயர்ப்பலகையில் ஒரு மான்
கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும்.
தௌக்கே லோரியில் இறக்கியது எண்பத்து மூன்று.
எந்த ஊர் மான் என்று கேட்டதற்கு
"கடல் தாண்டி" என்றார்.
சத்தே கடைக்காரர்கள் இரண்டு மாதம் வாங்கினார்கள்.
அப்புறம் ஊர் கோழிக்கே திரும்பிவிட்டது.

இப்போது எனக்கு நாள் சம்பளம் ஐம்பத்தைந்து ரிங்கிட்.
நாலு குச்சி, நைலான் கயிறு, பத்துக்குப் பத்து அடி.
உள்ளே முழங்காலுக்குக் கீழே இருப்பதையெல்லாம்
எண்ணி எழுத வேண்டும்.
மெரந்திக் கன்று: சுழியம்.
ரோத்தான்: சுழியம்.
எவரும் தின்னாத பெரணி: எண்ண முடியவில்லை.

நுனியைப் பார்த்தால் தெரியும்.
எலி கடித்தால் கத்தி வைத்ததுபோல் சாய்வாக இருக்கும்.
மான் என்றால் நார் தொங்கும்.
மேல்தாடையில் முன்பல் கிடையாது அதற்கு,
கடிக்காது, பிய்க்கும்.
மான்விழி மான்விழி என்று எழுதினவர்கள்
ஒருவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

முன்பெல்லாம் முள் சட்டையைப் பிடித்து இழுக்கும்,
நின்று நின்று விடுவித்துக்கொண்டுதான் போவோம்.
இப்போது நேராக நடக்கிறேன்.
என் நெஞ்சுக்கு மேலேதான் இலையே தொடங்குகிறது.
பெரிய மரங்கள் மட்டும் நிற்கின்றன,
பிள்ளைகள் இல்லாமல் மூடிய தமிழ்ப்பள்ளிக் கேட்டில்
இன்னும் நிற்கிற ஜாகா மாதிரி.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
உள்ளூர், வந்தேறி.
பேனா கொஞ்சம் நின்றது.
பாசாரில் ஒரு கார் நிறுத்தத் தகராறில்
அந்தச் சொல்லை என் மேல் எறிந்திருக்கிறார்கள்.
காட்டிலாகா ஹஸ்னிசா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.
டிக் போட்டேன்.
மான் மான்தான். நான் மான் இல்லை.
ஆனால் கொண்டுவந்தது யார்,
கதவைத் திறந்தது யார் என்பதற்குக்
கட்டம் இல்லை.

இருந்திருந்தால்
என் வீட்டுக்காரர் பெயரை எழுத வேண்டும். சன்னாசி.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
தௌக்கே போன் எடுக்கவில்லை. தவிடு தீர்ந்துவிட்டது.
வேலிக்குள் புல்லின் வேர்கூட மிச்சமில்லை.
ஒரு மழை ராத்திரி கம்பிக் கதவைத் திறந்து
கல் முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.
"பசிய பாக்க முடியல" என்றார்.
நானும் சரி என்றுதான் சொன்னேன்.

அது ஆறு வருஷம் முன்பு.

இந்த வருஷம் மெரந்தி காய்த்தது.
போன தடவை காய்த்தபோது மான்கள் வேலிக்குள் இருந்தன.
இறக்கை வைத்த விதைகள் சுற்றிச் சுற்றி இறங்கின,
என் தொப்பி மேல்கூட ஒன்று.
மூன்றாம் வாரம் முளை.
ஐந்தாம் வாரம்
நார்.

நேற்று ஹஸ்னிசா வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தாள்.
சுடுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டதாம்.
பண்ணை மான்கள் வாளிச் சத்தத்துக்கு வரும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
தகர வாளி விளிம்பில் அகப்பையால் மூன்று தட்டு,
கொஞ்சம் இடைவெளி, இன்னும் ஒன்று.
கிழட்டுப் பெண்மான் ஒன்றுக்கு ஞாபகம் இருந்தால் போதும்,
மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.
"அங்கிள் வந்து தட்டினால் போதும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு அந்த முளைகள் வேண்டும்.
அது அவருக்குத் தெரியும்.

ராத்திரி குளியலறையில் குழாய் நெடுநேரம் ஓடியது.
விடியற்காலை பார்த்தேன்:
தகர வாளி விளிம்புவரை தளும்ப நிறைந்திருந்தது.
இனி யார் தட்டினாலும் சத்தம் வராது.

குச்சியையும் கயிற்றையும் வாசலில் வைத்துவிட்டு
முகம் கழுவ ஒரு குவளை மொண்டேன்.
முகத்துக்கு ஒன்றே போதும்.
இன்னொன்றும் மொண்டேன்.