ஆறு கிழமை

வெலிக்கந்தைப் பள்ளம் ஒன்றில்
லொறி தூக்கிப் போட்டதில்
முறிந்துவிட்டது அவள் மணிக்கட்டு.
நாளை பத்து மணிக்குக் கண்காட்சி.
"மிஸ், நீங்கதானே எலும்பு வாட்டில
பிளாஸ்டர் போடுறவ?"
கோட்டையிலிருந்து பார்த்தலட்,
நான் சோற்றில் கை வைத்த நேரம்.

ஒல்லாந்தர் சுவருக்குள்
வைக்கோல் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன.
இத்தாலிச் சிற்பி ஒருவனுக்கு விழாவாம்,
செத்து ஐந்நூறு வருடத்துக்கு மேலாம்.
கல்லும் வெண்கலமும் அங்கேயே நிற்க
கடல் தாண்டி வந்தவை எல்லாம்
சாந்தில் வார்த்த நகல்கள்.
சாந்து எனக்குத் தெரியும்.
பதினேழு வருடமாய் என் நகக்கண்ணில் இருப்பது அதுதான்.

தாடிக்காரர், குதிரைக்காரர்,
இறக்கை முளைத்த பொடியன்
எல்லோரையும் கடந்து போனேன்.
மூலையில் நின்றாள்
விலா தெரிய வற்றிய ஒருத்தி.
முழங்கால்வரை சடை.
கும்பிடப் போன கைகளில் வலதுகை
பழைய பேப்பரில் சுற்றித்
தனியே பெட்டிக்குள் கிடந்தது.

எடுத்துத் தடவினேன்.
முண்டும் எலும்பு முண்டும் இடத்தில்.
இரண்டு நரம்பு, நடுவே ஒரு பள்ளம்.
எக்ஸ்றே இல்லாத காலத்தில்
எங்கே பார்த்தான் இதை அந்த மனிசன்?
வட்டைக்குள் உழவு மெசின் இழுத்த கை,
தோணிக்கும் துறைக்கும் இடையில் நசுங்கிய கை,
கல்லடிப் பாலத்தில் சைக்கிளோடு சரிந்த கை
என்று நான் பிடித்த கைகளை
அவனும் பிடித்திருக்கவேண்டும்.

கம்பித்துண்டு, ஈரத்துணி, ஒரு பொதி மா.
"ரெண்டு உள்ளங்கையையும் ஒட்டிவிடுங்க மிஸ்,
கும்பிடுறாளெண்டு சனத்துக்கு விளங்கட்டும்."
படத்தைப் பார்த்தேன். தபாலட்டை அளவுதான்.
விரல்கள் தொடவில்லை.
நுனிக்கும் நுனிக்கும் நடுவில்
கொஞ்சம் காற்று.
இருந்தமாதிரித்தான் வைப்பன் என்றேன்.
மறுகா அவர் பேசவில்லை.

கல்முனை பஸ் டிக்கற்றை நாலாய் மடித்து
அந்த இடைவெளிக்குள் செருகினேன்.
பிடித்துக்கொண்டே நின்றேன்.
வெளியே வாவியில் இறால்காரரின் விளக்கு
ஒன்று அணைந்தது, ஒன்று தள்ளிப் போனது.
சாந்து இறுகும்போது சுடும்.
எல்லா நோயாளிக்கும் முதலே சொல்வேன்.
அவளுக்கும் சொன்னேன்.

விடிய, வாட்டுப் புத்தகத்தில்
மாப்பொதிக்குக் கணக்கு.
பெயர்: தெரியாது.
ஊர்: புளோரன்ஸ்.
வயது என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.

பின்னேரம், சனத்துக்குள்
ஏறாவூர் ஆதம்பாவா.
போன செவ்வாய் நான் கட்டிய இடதுகை
கழுத்துத் துணியில் தொங்குகிறது.
பலகையை அவர் வாசிக்கவில்லை.
அவள் முன்னால் போய் நின்றார்,
வெள்ளைக் கைக்கு எதிரே வெள்ளைக் கை.
சரியாக அந்த மணிக்கட்டை,
ஒருவருக்கும் தெரியாதென்று நான் நினைத்த
மயிரிழைக் கோட்டை,
குனிந்து பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவவுக்கும் ஆறு கிழமையா?"

ஓம் என்றேன்.
நனைக்கக்கூடாது என்றும் சொன்னேன்.